எண்ணுக்குப் பெயர் இல்லை

எழுபத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, நல்ல நேரம் பார்த்து, சிங்கப்பூர் ஜாலான் புசாரில், தன் பயிற்சி நிலையத்தின் புதிய அலுவலகத்தில் செல்வராஜ் பால் காய்ச்சினார். பால் பொங்கும்போதே மெயில் சர்வரும் ஓடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிவதர்ஷினி அதைப் புதிய இணைப்பில் மாட்டி ஓடவிட்டாள்.

இப்போது திங்கள் பிற்பகல் மூன்று நாற்பது. கப்பல் பட்டறைக்கு அனுப்பிய மின்னஞ்சல் நான்காவது முறையாகத் திரும்பி வந்திருந்தது.

எதிரே அழகேசன், ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வெல்டர். கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். அவருடைய பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் ஐந்து மணிக்குள் பட்டறைக்குப் போய்ச் சேரவேண்டும். இல்லாவிட்டால் அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். பயிற்சி நிலையத்தின் பதிவான முகவரியிலிருந்து வந்தால்தான் பட்டறை ஏற்கும். கையில் கொண்டுபோனால் செல்லாது.

"லைன் கம்பெனிக்காரன் தூங்குறான்லா," என்றார் செல்வராஜ். "நம்ம மேல தப்பே இல்ல. பால் எப்படிப் பொங்குச்சு, பார்த்தியா தர்ஷினி? கிழக்கால!"

"சர்வருக்கு நல்ல நேரம் பார்த்தீங்க சார்," என்றார் அழகேசன். "எனக்கும் சேர்த்துப் பார்த்திருக்கலாம்."

செல்வராஜ் சிரித்துவிட்டார். சிவதர்ஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து அதை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இணைப்பு நிறுவனத்துக்கு போன் செய்தாள். பெயரைக் கேட்டதும் மறுமுனையில் இருந்தவர் தமிழுக்கு மாறினார். வசந்தகுமாரி என்று சொல்லிக்கொண்டார்.

"உங்க சர்வர் பேரைக் கேட்டா அதோட இணைய எண் வருதும்மா. எண்ணைக் கேட்டா பேர் வரல. பட்டறை சர்வர் ரெண்டையும் ஒத்துப் பார்க்கும். பேர் இல்லாத எண்ணை உள்ள விடாது."

"எங்க பக்கம் பதிஞ்சா போதாதுங்களா?"

"எண் எங்களோடதும்மா, நாங்கதான் பதியணும். நீங்க மாறுறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும். யாருமே கேட்கலியே?"

"என்ன சொல்றாங்க? அவங்க தப்புதானே?" என்று செல்வராஜ் பக்கத்தில் வந்து கேட்டார். அந்தக் குரல் போனுக்குள்ளும் போயிருக்கவேண்டும். வசந்தகுமாரி தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத விடுங்கம்மா. படிவத்தை அனுப்புங்க, இப்பவே போட்டுத் தர்றேன்."

பத்து நிமிடத்தில் போட்டுவிட்டார். ஆனால் 'பெயர் இல்லை' என்ற பழைய பதிலைப் பட்டறை சர்வர் ஒரு மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கும், பொறுங்கள் என்றார். நாலே முக்காலுக்கு அழகேசன் கீழே டீக்கடைக்குப் போய் மூன்று பேருக்கும் தே வாங்கி வந்தார். அவளுக்குச் சீனி குறைவாக. பயிற்சிக்கு வந்த நாளில் என்றைக்கோ ஒருமுறை அவள் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார்.

நாலு ஐம்பதுக்கு மறுபடி அனுப்பினாள். திரும்பி வரவில்லை. நாலு ஐம்பத்தாறுக்குப் பட்டறையிலிருந்து ஒரே வரி வந்தது: பெற்றுக்கொண்டோம்.

அழகேசன் எழுந்து நின்று இரண்டு கைகளையும் கூப்பினார். "நன்றி மேடம். உங்களாலதான் ஆச்சு."

அவள் மனதுக்குள் வசந்தகுமாரிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லால் அவளைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், அவர் செய்யவில்லை. கையிலிருந்த தே இன்னும் சூடாக இருந்தது. கூப்பிய அந்தக் கைகளை மட்டும் அவளால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"நீங்கதான் சீனியைக்கூட ஞாபகம் வச்சு எனக்கு நல்லது செஞ்சீங்க அண்ணா. கையைக் கீழ போடுங்க," என்றாள். பிறகு செல்வராஜின் பக்கம் திரும்பினாள். "சார், அந்த எண்ணுக்குப் பேர் இல்லன்னு வெள்ளிக்கிழமையே பார்த்தேன். பால் பொங்குற நேரத்துல சொல்ல வாய் வரல. தெரிஞ்சேதான் ஓடவிட்டேன்."