தலைமாடும் கால்மாடும்

அந்த வீட்டு அக்காவுக்கும் அவள் புருஷனுக்கும் நடந்த சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். அவள் புருஷனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பக்கவாதத்தில் அண்ணனுக்கு வலக்கை, வலக்கால், பேச்சு எல்லாம் போய்விட்டன. பிடிவாதம் மட்டும் போகவில்லை.

வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் தொண்டர் நான். சம்பளம் கிடையாது, அதனால் திட்டும் உரிமையை நானாகவே எடுத்துக்கொண்டேன். அண்ணனின் இடது இடுப்பில் படுக்கைப் புண். உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போட்டு, சுவரைப் பார்த்து வலப்புறமாக ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் மனிதர் பழையபடி இடப்பக்கம் கிடப்பார். நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துப் புரண்டுவிடுகிறார்.

"புண்ணு எலும்பு வரைக்கும் போனா வார்டுல சேர்த்துடுவாங்க அக்கா. ஆம்பளைங்க வார்டு. உங்களைக் கூட இருக்க விடமாட்டாங்க."

தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அக்காவின் கால் நின்றது. அவளுக்கு இருந்த பயமெல்லாம் அதுதான்.

"என்னை என்ன செய்யச் சொல்றே? சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. நான் தைக்கிறதுக்கு நொட்டை சொல்லணும் அவருக்கு, அதான் இந்தப் பக்கமே புரள்றாரு. பேச்சு போயும் கண்ணாலேயே சொல்றாரு."

விரிப்பு மாற்றுவதற்காக அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். காலிக் கட்டிலைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, ஏறி வலப்புறமாகப் படுத்துப் பார்த்தேன்.

"களைச்சுட்டியா தங்கச்சி?" என்றாள் அக்கா.

மூக்குக்கு நேரே சுவர். உதிர்ந்த காரை, ஒரு பழைய ஆணி. அக்காவின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது, முகம் தெரியவில்லை. நாள் முழுக்க இப்படிக் கிட என்றால் நானும்தான் புரளுவேன்.

எழுந்து தலையணையைக் கால்மாட்டில் போட்டேன். "இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கட்டும்."

அவரைத் தூக்கிப் படுக்க வைத்தோம், அதே வலப்புறம்தான். ஆனால் சுவர் இப்போது அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. நல்ல கை சட்டத்தைத் தேடவில்லை.

"பாத்தியா, மறுபடியும் மிஷினையே முறைக்கிறாரு."

"மிஷினையா? கொஞ்சம் அடுப்புப் பக்கம் போங்க அக்கா."

போனாள். அண்ணனின் கண்ணும் போனது. வாசலுக்கு வந்தாள். கண்ணும் கூடவே வந்தது. அக்கா அங்கேயே நின்றுவிட்டாள்.

"வாய் இருந்த காலத்துல இதைச் சொல்லியிருந்தா என்னவாம்?" என்று அவரிடம் கேட்டாள். குரல் உடைந்துவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை போனபோது புண்ணின் ஓரங்களில் புதுச்சதை பிடித்திருந்தது. வார்டு பேச்சுக்கே இனி இடமில்லை என்று சொல்ல நிமிர்ந்தேன். மிஷின் இடம் மாறியிருந்தது. கட்டிலுக்கு நேர் எதிரே, அக்கா அவரைப் பார்த்தபடி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம்தான் வெளிச்சம் நல்லா வருது," என்றாள், நான் கேட்காமலே.

ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது, துணி மேல் அவள் நிழல்தான் விழுந்தது. நான் கட்டுப் போடும் வேலையைப் பார்த்தேன்.