இத்தா அறையின் சுவர்

பள்ளிவாசல்துறையில் நிலம் ஒருநாள் லேசாக ஆடியது. கோப்பையிலிருந்த தேத்தண்ணி தளும்பியது, கோழிகள் கத்தின, அவ்வளவுதான். ஊர் அதைக் கொஞ்ச நாள் கதைத்துவிட்டு மீன் விலைக்குத் திரும்பிவிட்டது. திரும்பாதவள் றஹ்மா ஒருத்திதான். அவள் தலைக்குள் ஒரு விஷயம் புகுந்துவிட்டால் லேசில் இறங்காது.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு மாதர் சங்கத்துக்கு அனர்த்த அலுவலகத்து நோனா ஒருவர் வந்தார். சிலாபத்துச் சிங்களப் பெண், ஆனால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நம் நாடு பெரிய நிலத்தட்டுகளின் விளிம்பில் இல்லை, ஊரைப் புரட்டுகிற ஆட்டம் இங்கே அரிது, ஆனாலும் இடைக்கிடை ஆடத்தான் செய்யும் என்றார். ஆளைக் கொல்வது நிலமில்லை, நாம் கட்டிய சுவரும் தலைக்கு மேல் அடுக்கிய சாமானும்தான் என்றார். ஆடும்போது ஓடக் கூடாது, மேசைக்கடியில் புகுந்துகொள்ள வேண்டும், நின்ற பிறகே வெட்டவெளிக்கு வர வேண்டும். நெடுநேரம் பலமாக ஆடினாலோ கடல் உள்வாங்கினாலோ கரைப்பக்கம் தலைகாட்டாமல் பள்ளிவாசல் மாடிக்கு ஏற வேண்டும். மற்றப் பெண்கள் பட்டீஸைத் தின்றுவிட்டுப் போனார்கள். றஹ்மா வீட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

அலுமாரி. அதற்கு மேல் சூட்கேஸ். சூட்கேஸுக்கு மேல் கந்தூரிச் சோறாக்கும் பெரிய சட்டி. எல்லாவற்றுக்கும் நேர் கீழே கட்டிலின் தலைமாடு. இத்தனை வருசமாக இதற்கடியிலா படுத்துக் குறட்டை விட்டோம் என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"ஒனக்கென்ன, ஜப்பான்லயா குடியிரிக்கிறாய்?" என்று சிரித்தான் அவள் புருஷன் றிஸ்கான்.

"ஜப்பான்காரன் பொண்டாட்டிட கதையக் கேக்கிறான். நீங்க கேக்கிறீங்களா?"

பாவம், அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனான். இரும்புப் பட்டை வாங்கிவந்து அலுமாரியைச் சுவரோடு முடுக்கினான். காஸ் சிலிண்டரைத் தோணிக் கயிற்றால் தூணில் கட்டினான். சட்டி கீழே இறங்கியது. நிலம் ஆடினால் தோணியைப் பார்க்கக் கரைக்குத்தான் ஓடுவேன் என்று அவன் சொல்லிப் பார்த்ததற்கு மட்டும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

தன் வீடு முடிந்ததும் றஹ்மா அதே வளவுக்குள் இருந்த மற்ற வீட்டுக்குப் போனாள். அது தங்கச்சி சிபானாவின் சீதன வீடு. உம்மா அலீமாவும் அங்கேதான் இருந்தாள். சிபானாவின் மாப்பிள்ளை றிஸ்மின் நெஞ்சுவலி வந்து மவுத்தாகி, அவள் வெள்ளை உடுத்து, புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இருக்கிற இத்தாவில் இருந்தாள். அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளறையிலேயே இருந்தாள். ஜன்னலில் கனத்த திரை தொங்கியது. அந்த வீட்டிலேயே மோசமான அறை அதுதான். பீம் போடாத சுவர், அதில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு, எதிரே ஆள் உயரத்தைத் தாண்டிய அலுமாரி.

அலுமாரியை முடுக்கியாயிற்று. வெடிப்பு விழுந்த சுவரை விட்டுக் கட்டிலையும் இழுத்துப் போட்டாயிற்று. சுவரைப் புதிதாகக் கட்டுவதென்றால் இத்தா முடியத்தான் மேசனைக் கூப்பிடலாம். அதுவரை?

"ஆட்டம் நிண்ட ஒடனே வெளிய வந்து பழகோணும் புள்ள," என்றாள் றஹ்மா.

"நான் இத்தாவில இரிக்கிறேன் ராத்தா."

"தெரியும். செவரு விழுந்தா?"

"விழட்டும். நானும் அவர்ட பக்கத்துல போய்ச் சேர்றேன்."

றஹ்மா தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள். இவள் சும்மா சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழும்புகிறவள், கூப்பிட்டால் மூன்றாம் தரத்துக்குத் திரும்பிப் பார்க்கிறவள், இதையும் அதே குரலில் சொன்னாள்.

உம்மாவுக்கு வேறு கவலை. "இத்தாக்காரிய ஊரான் பாக்க முத்தத்துல நிப்பாட்டப் போறியா? ஊரு காறித் துப்பும்."

றஹ்மா நேரே மௌலவி சாஹுல் ஹமீது வீட்டுக்குப் போனாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று, உயிருக்கு ஆபத்தென்றால் இத்தா இருக்கிறவள் வெளியே வரலாமா என்று கேட்டாள்.

"வரலாமாண்டு என்ன கேள்வி? வரத்தான் வேணும்," என்றார் மௌலவி. "உசிரு அல்லாஹ் தந்த அமானத்து. அதக் கவனமா வெச்சிரிக்கோணும்."

அவள் வெற்றி பெற்ற வேட்பாளர் மாதிரி வீட்டுக்கு வந்தாள். உம்மா தலையாட்டிவிட்டாள். சிபானா மட்டும் திரையைப் பார்த்தபடி சொன்னாள். "மௌலவி வரலாமெண்டு சொல்லிட்டார். வாரதுக்கு மனசு இரிக்கோணுமே."

அதற்கு எந்த மௌலவியிடம் போய்க் கேட்பது?

றஹ்மா தன்னால் முடிந்ததைச் செய்தாள். பின்வளவில் தென்னையும் இல்லாத, சுவர் சரிந்தாலும் எட்டாத வெறும் மணலாகப் பார்த்து, நாலு பக்கமும் தென்னோலைக் கிடுகு வேலி அடைப்பித்தாள். உள்ளே நின்றால் ஒரு குருவிக்கும் தெரியாது. "கிடுகு விழுந்து ஆரும் மவுத்தான கதை இல்ல," என்று கண்ட கண்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். இன்னொன்றும் செய்தாள். நோனா இதைச் சொல்லவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஊர்ப் பெண் எவளும் தலை உடுப்பு இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டாள். வீடே விழுந்தாலும் முதலில் அபாயா எடுக்க அலுமாரிக்குத்தான் ஓடுவாள், விழப்போகிற அதே அலுமாரிக்கு! அதனால் ஒவ்வொரு கட்டில் காலருகிலும் ஆணி அடித்து ஒரு தொழுகை உடுப்பைத் தொங்கவிட்டாள்.

பழக்கம் தொடங்கியது. ஆட்டம் வந்ததாக றஹ்மா இரும்புத் தாச்சியைத் தட்டுவாள். பிள்ளைகள் மேசைக்கடியில் புகுந்து சிரிப்பார்கள். உம்மா முணுமுணுத்துக்கொண்டு கட்டிலடியில் குந்துவாள். பிறகு எல்லோரும் வேலிக்குள் போய் நிற்பார்கள். சிபானா ஒருநாளும் வரவில்லை. "வா புள்ள," என்று றஹ்மா வேலிக்குள்ளிருந்து கூப்பிடுவாள். திரை அசையாது. அப்போதெல்லாம் அவளுக்கு அழுகை முட்டும், அதை மறைக்கப் பிள்ளைகளை ஏசுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் குர்ஆன் மதரசாவில். தோணிகள் போகாததால் வீட்டு முன் ஒழுங்கையில் றிஸ்கானோடு ஆண்கள் கூடியிருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். றஹ்மா குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். வளவுக்குள் லொறி வருகிறதா என்று அவள் நினைத்து முடிக்குமுன் நிலம் உறுமியது. இந்தத் தரம் விளையாட்டில்லை. அவள் காஸை மூடிவிட்டு மேசைக்கடியில் விழுந்தாள். ஓடுகள் சடசடவென்று உதிர்ந்தன. "யா அல்லாஹ், என்ட தங்கச்சி!" என்று கத்தியது மட்டும்தான் அவளுக்கு நினைவிருந்தது.

ஆட்டம் நின்றது. எழுந்து ஓடினாள். கிடுகு வேலி நிமிர்ந்து நின்றது. உள்ளே ஒருவருமில்லை. சிபானா வீட்டுப் பின்வாசலில் தாழ்வாரத்து ஓடும் மரமும் குவிந்து கிடந்தன. வெடிப்பு விழுந்த சுவரில் பாதியைக் காணவில்லை. றஹ்மா தங்கச்சியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். சுவரைப் பிடிக்கவும் பயந்து, வெறுங்கையை வீசிக்கொண்டு முன்பக்கம் சுற்றி ஓடினாள்.

முன்கதவு படாரென்று திறந்தது. ஒழுங்கையைப் பார்த்த கதவு. சிபானா வந்தாள். தலையில் தொழுகை உடுப்பு, மேலெல்லாம் சுண்ணாம்புத் தூள். ஒரு கையால் உம்மாவை இடுப்போடு இறுக்கி, மறு கையால் உம்மாவின் தலைக்கு மேல் தலையணையைப் பிடித்தபடி வாசலைத் தாண்டினாள்.

ஒழுங்கையில் அத்தனை ஆண்கள் நின்றார்கள். கையில் வலையோடு நின்றபடியே எல்லோரும் ஒருசேர முதுகைத் திருப்பிக் கடலைப் பார்த்து நின்றார்கள். "தண்ணி உள்ள போகல்ல, மதரசாப் புள்ளைகளும் வெளிய நிக்கிறாங்க," என்று றிஸ்கான் திரும்பாமலே சத்தம் போட்டான். காறித் துப்புமென்று உம்மா பயந்த ஊர் இதுதான். றஹ்மாவுக்கு நெஞ்சு விம்மியது. என்ட ஊரு, என்ட மாப்பிள்ளை, என்ட தங்கச்சி!

உம்மா மூச்சு வாங்கினாள். "பழக்கதோஷம், அபாயா எடுக்க அலுமாரிக்கிட்ட ஓடிட்டேன் மகள். அது தலைக்கு மேல ஆடிச்சு, பட்டை புடிச்சிக்கிச்சு. இவள்தான் என்னக் கட்டிலடிக்கு இழுத்தாள். பின்வாசல் அடைஞ்சு கெடக்குண்டு கண்டதும் முன்னுக்கு இழுத்துட்டு வந்தாள். நான் 'ஆம்பிளைகள் இரிக்காங்க'ண்டு சொல்ல, 'இரிக்கட்டும், நடங்க'ண்டாள்."

சிபானா தலையணையைக் கீழே போட்டாள். அவள் ராத்தாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"பயந்துட்டேன் ராத்தா. மவுத்தாகிருவேனோண்டு பயந்துட்டேன்."

சொல்லிவிட்டு, றிஸ்மின் போன நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள். றஹ்மா அவளைக் கட்டிக்கொண்டாள். வீட்டில் பாதிச் சுவர் இல்லை, ஓடு இல்லை, ஆனாலும் புத்தளம் மாவட்டத்திலேயே தன்னைவிடப் பெருமைக்காரி ஒருத்தி இருக்க முடியாது என்று அவளுக்கு இருந்தது.

"பயப்படு புள்ள," என்றாள், ஒழுங்கையே கேட்கும்படி. "நல்லாப் பயப்படு!"