பெரிய டாக்டரின் காலுக்குக் குடிபோன ரத்தம்

பிறந்து இரண்டாம் நாள் காலை எட்டேகாலுக்கு, அந்தப் பெண்குழந்தையின் இடது காலில் இருந்த ரத்தம் பெரிய டாக்டரின் இடது காலுக்குக் குடிபோனது. குழந்தையின் கால் மெழுகாக வெளுத்தது. தொடையில் நாடி இல்லை. டாக்டரின் கால் சிவந்து உப்பி, ஷூவுக்குள் நுழைய மறுத்தது. அதை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு அவர் ஆலோசனை நடத்தினார்.

காரணம் ரகசியமில்லை. தொப்புள் வழியாக ரத்தக்குழாய்க்குள் விட்டிருந்த மெல்லிய டியூப் வழியை அடைத்திருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று பச்சிளங்குழந்தைப் பிரிவின் நர்ஸ் இரண்டு முறை சொன்னாள். ஆனால் செருகியவர் பெரிய டாக்டர். அவர் செருகியது இடைஞ்சல் செய்யாது என்பது அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே ஒரு குழு கூடியது. குழு ஸ்கேன் எடுத்தது, டீ குடித்தது, “வெளுப்பு” என்று எழுதுவதா “நிறக்குறைவு” என்று எழுதுவதா என ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியது.

நர்ஸ் வெதுவெதுப்பான துணியைக் குழந்தையின் நல்ல காலில் சுற்றினாள்.

“கோளாறு இந்தக் கால்ல, சூடு அந்தக் கால்லயா? எங்கேம்மா படிச்சே?” என்றார் டாக்டர்.

“அது சூடானா இதோட ரத்தக்குழாயும் விரியும் சார். ரத்தமில்லாத கால்ல சூடு வச்சா வெந்துடும்.”

அவர் சிரித்தார், ஆகவே குழுவும் சிரித்தது.

பன்னிரண்டு மணிக்குக் கால்விரல்கள் நீலமாயின. குழந்தையின் பெரியம்மா குழு அறையின் கதவை மறித்து நின்றாள்.

“உங்க காலு நல்லா கொழுகொழுன்னு இருக்கு டாக்டர். அது எங்க வீட்டுப் புள்ளையோட ரத்தம். எப்பத் தருவீங்க?”

“நேத்து அதிகமா நடந்துட்டேன்மா,” என்றார், காரில் வந்து காரில் போகிறவர்.

இன்னும் கொஞ்ச நேரம் போனால் விரல்கள் கறுக்கும், பிறகு காலையே எடுக்க வேண்டிவரும் என்று நர்ஸுக்குத் தெரியும். வேலை போகும் என்பதும் தெரியும். கையைக் கழுவினாள். டியூபைப் பிடித்திருந்த தையலை வெட்டி, அதை நிதானமாக, ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு உருவி, தொப்புளை அழுத்திப் பிடித்தாள். ரத்தம் குழு அறையின் கதவிடுக்கு வழியாக வெளியேறி, தாழ்வாரத்தில் யாரையும் வழி கேட்காமல் திரும்பி வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. டாக்டரின் கால் ஷூவுக்குள் நுழைந்தது. குழுவின் சிகிச்சை பலித்தது என்று அறிக்கை எழுதினார்கள். அனுமதியில்லாமல் கைவைத்ததற்காக நர்ஸை ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குழந்தை பதினோராம் மாதம் நடந்தது. அரைப் பகல் பெரிய மனிதரின் காலில் தங்கி வந்த ரத்தம் என்பதால் காக்கவைக்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. வலது கால் எங்கே போனாலும் இடது கால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் வந்து சேரும். வீட்டில் அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. பள்ளிக்கு அவளை ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளப்பிவிடுகிறார்கள்.