ஒரு சுரம் மேலே

கணக்கு டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். தேவாலயத்தின் பின்னறையில், மணிகள் வரிசையாகக் கிடந்த நீண்ட மேசைக்கு முன்னால் நின்று, இசைத்தாளை அவர் இரண்டாம் முறையாகப் படித்தார். அமைத்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயரே இருந்தது. ஆனால் கீழே இருந்த சுரங்கள் ஒவ்வொன்றும் ஒரு படி மேலேறி உட்கார்ந்திருந்தன.

"இதை யார் மாத்தினது?"

"நான்தான்," என்றார் குழுத்தலைவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைத்தனர். "ஒரே ஒரு சுரம் ஏத்தியிருக்கேன். ஞாயித்துக்கிழமை என் மாப்பிள்ளை கூடச் சேர்ந்து பாடுறாரு. கீழ்ச்சுருதி அவருக்கு எடுபடாது. அதே பாட்டுதானே டீச்சர்?"

பாடுகிறவருக்கு அது அதே பாட்டுத்தான். கைமணிக் குழுவுக்கு அப்படியன்று. பாடகர் எல்லாச் சுரங்களையும் தம் தொண்டையிலேயே சுமந்து திரிகிறார்; மணியடிப்பவரிடம் இருப்பவையோ கைக்கு ஒன்றாக இரண்டே சுரங்கள். மெட்டை ஏற்றினால் சிலருடைய மணிக்கு வேலை கூடும். சிலருடைய மணிக்கு வேலையே இராது.

குழுவில் ஆறு பேர், மணிகள் பதினொன்று. அந்தக் கணக்கில் ஒன்று குறைவதற்குக் காரணம் டீச்சரின் அக்கா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய வலக்கையைக் கொண்டுபோய்விட்டது. இடக்கையில், மேற்கத்திய இசையில் எஃப் எனப்படும் சுரத்துக்குரிய மணி மட்டும் இருந்தது. அந்தப் பழைய பாமாலையை மூன்று மாதம் உட்கார்ந்து டீச்சர் மணிகளுக்கு ஏற்ப அமைத்ததே அந்த ஒரு மணிக்காகத்தான். எஃப் ஏழே ஏழு முறை ஒலிக்கும். ஒவ்வொரு முறையும் அக்கா மணியைத் தோளோடு அணைத்து ஒலியை நிறுத்தவும், கை இளைப்பாறவும் அவகாசம் இருக்கும்.

மாஸ்டர் ஏற்றிய மெட்டில் எஃப் என்ற சுரமே கிடையாது. அதனிடத்தில் அதைவிட அரைப்படி உயர்ந்த எஃப் ஷார்ப், இளைப்பாற இடமே தராமல் அடுத்தடுத்து வந்திருந்தது. அந்த மணியும் குழுவிலிருந்த தையற்காரருக்கு முன்னால், அவருடைய இரண்டு மணிகளோடு மூன்றாவதாக, ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது.

"அப்ப அக்கா எதை அடிக்கிறது?"

"அவங்க மணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டுமே. வரிசை பார்க்க அம்சமா இருக்கும்."

"நிக்க வைக்க அவங்க என்ன பூந்தொட்டியா?" என்று முணுமுணுத்தார் குழுவிலிருந்த பேருந்து ஓட்டுநர். மணியை அடித்த வேகத்தில் அமுக்கிவிடுவதால் அவருக்குப் பிரேக்கு என்று பெயர்.

டீச்சர் மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொருவர் முன்னாலும் இருந்த தாள்களை உருவத் தொடங்கினார்.

"டீச்சர், என்ன பண்றீங்க?"

"என் பாட்டை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"உட்காருடி," என்றார் அக்கா. தங்கையைப் பார்க்காமலே சொன்னார். "ஏன் மாஸ்டர், ஒரு சுரந்தானே?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா."

"அதே பாட்டுதானே?"

"அச்சு அசல் அதே பாட்டு."

"அப்ப மாப்பிள்ளையை ஒரு சுரம் இறங்கச் சொல்லுங்க."

தையற்காரர் கையுறையால் வாயை மூடிக்கொண்டார். மாஸ்டரின் முகம் சிவந்தது. "அவருக்குக் கீழே வராதும்மா."

"எனக்குந்தான் வலது கை வரல. அதுக்காக உங்க யார் மணியையாவது பிடுங்கினேனா?"

"மாப்பிள்ளைகிட்ட நான் எந்த முகத்தோட சொல்றது? என் பொண்ணு என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா."

"போனைப் போட்டுக் கொடுங்க. நானே சொல்றேன்."

மாஸ்டர் சட்டைப்பை வரை கையைக் கொண்டுபோனார். அக்காவின் கண்களைக் கண்டு திரும்ப எடுத்துக்கொண்டார். "வேண்டாம். பழைய தாளையே எடுங்க. அவர் வேற பாட்டு பாடட்டும்," என்றவர், எஃப் ஷார்ப்பை அலமாரிக்குள் வைத்துக் கதவை அறைந்து சாத்தினார்.

டீச்சர் வெற்றிக் களிப்போடு அக்காவின் பக்கம் திரும்பினார். அங்கே அவருக்கு வேறொன்று காத்திருந்தது.

"ஏழு தடவைன்னு யாரைக் கேட்டுடி முடிவு பண்ணின?"

"உன் கை வலிக்குமேன்னுதான் அக்கா..."

"வலிக்கிறது என் கை. நீ எஃப்பை ஓரமா ஒதுக்கி வச்ச. அதனாலதான் தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் குறையாதுன்னு அவருக்குத் தோணியிருக்கு. அவர் செஞ்சது மீதி வேலை. முதல் வேலை நீ செஞ்சது."

டீச்சருக்குக் காது மடல் வரை சுட்டது. மறுத்துப் பேச வாய் எடுத்தார். பழைய தாள் கண்ணில் பட்டது. அடிச்சுரமாக எஃப் நின்றிருக்க வேண்டிய ஒன்பது இடங்களில், அக்காவின் கைக்கு இரங்கி, ஓட்டுநரின் டி மணியை அவரே நிறுத்தியிருந்தார். இசை தப்பவில்லை, ஆனால் எஃப் அங்கே வேண்டாத விருந்தாளியாகி இருந்தது.

அவர் பென்சிலை எடுத்தார். கோபம் தணியவில்லை, அது யார்மீது என்பதுதான் மாறியிருந்தது. அந்த ஒன்பது டி-க்களையும் தாள் கிழியும்படி கோடிட்டு அடித்துவிட்டு எஃப் என்று எழுதினார்.

"என் பிழைப்பில கை வைக்கிறீங்களே டீச்சர்," என்றார் பிரேக்கு.

"பேசாம இருங்க."

பதினாறு எஃப்களோடு ஒத்திகை தொடங்கியது. பத்து வரை அக்கா பிசகவில்லை. பதினோராவதற்குக் கை எழவில்லை. அந்த இடம் பொக்கை வாயாய்த் திறந்து கிடந்தது. மாஸ்டர் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். டீச்சரின் காலும் முன்னே நகர்ந்தது.

"யாரும் நிறுத்தக் கூடாது!" என்று கத்தினார் அக்கா.

ஒருவரும் நிறுத்தவில்லை. பன்னிரண்டாவது எஃப், சற்றுப் பிந்தி, தேவைக்கு மேல் உரக்க, மேசை அதிர ஒலித்தது.