பங்குனி முப்பதில் நின்ற வீடு

கீழ்வேளூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில், மூன்று வருஷங்களுக்கு முன்பு சித்திரை ஒன்றாம் தேதி தியாகேசன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. மற்ற வீடுகளுக்கெல்லாம் விடியும்போதே வந்துவிட்டது. வேப்பம்பூ பச்சடி வைத்தோம். டிராக்டருக்குப் பொட்டு வைத்து, வருஷத்தின் முதல் உழவாக நல்லேர் ஓட்டினோம். இந்த வருஷமாவது எல்லாம் சரியாகட்டும் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டோம். அவர் வீட்டில் பங்குனி முப்பது அப்படியே நின்றது. காலண்டர் தாளை அவர் கிழிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

மகள் அனுராதா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. டாக்டர் சொன்ன தேதி சித்திரை நாலு. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பயம். தியாகேசனே சித்திரைப் பிள்ளைதான். அவர் பிறந்த வருஷம் அவருடைய அப்பாவின் நிலம் பாதி கைவிட்டுப் போனது. எல்லாம் உன்னால்தான் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர், அறுபது வயது தாண்டியும் பிறந்த தேதி கேட்டால் ஆதாரில் இருக்கும் பொய்த் தேதியைத்தான் காட்டுவார். பிள்ளை பங்குனியிலேயே பிறந்துவிடட்டும் என்று நினைத்தார், பாவம். நாள் நின்றால் வயிற்றுப் பிள்ளையும் நிற்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்த வீட்டில் பால் திரியவில்லை, காஸ் தீரவில்லை, மீட்டர் ஓடவில்லை. கொல்லை மல்லிகை மொட்டாகவே இருந்தது. தினமும் நாலு மணிக்கு அனுராதாவுக்கு வலி எடுக்கும், விளக்கு வைக்கும் நேரத்தில் போய்விடும். எதிர்வீட்டு அல்லா பிச்சை காரை நாகப்பட்டினத்தைப் பார்த்து நிறுத்தி, நாலு மணிக்கு ஸ்டார்ட் செய்து, விளக்கு வைத்ததும் அணைப்பார். டாக்டர் ஒவ்வொரு வாரமும் ஸ்கேன் செய்து ஒரே எடையை எழுதினார். வைகாசி போயிற்று, ஆனி பிறந்தது. பிள்ளையின் துடிப்பு இருக்கிறதா என்று தியாகேசனின் மனைவி மங்களாம்பிகை மகளின் வயிற்றில் காதை வைத்தபடியே தூங்கிப்போவாள். எங்களுக்கும் சோறு இறங்கவில்லை.

ஆனி பத்தாம் தேதி ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது. எல்லார் வயலுக்கும் பாய்ந்த தண்ணீர் தியாகேசனின் வரப்பு மடையில் மட்டும் நின்று, இடுப்பு உயரத்துக்குச் செங்குத்தாக ஏறியது. மடை திறந்துதான் கிடந்தது. மறுநாள் பிற்பகலில் அவர் போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். அப்போது மணி நாலு.

"உங்களுக்குப் பயம்ப்பா. எனக்கு வலி. எழுவத்திரண்டு நாளா அதே வலி" என்றாள் அனுராதா, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு.

மங்களாம்பிகை கணவரிடம் முப்பது வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள். "உங்கப்பா சீட்டாடித்தாங்க நெலத்தத் தோத்தாரு. உங்கம்மாவே எங்கிட்ட சொல்லியிருக்காங்க. வெளிய சொல்ல வெக்கப்பட்டுப் பச்சப்புள்ள மேல பழியப் போட்டுட்டாங்க."

உண்மைதான். எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, அது எங்கள் தப்பு.

தியாகேசன் சுவர்க் காலண்டரிடம் போனார். தாளைக் கிழித்து, வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து, தெருவில் யாரும் இல்லாதபோதும் "வாங்க" என்றார். பால் பொங்காமலே திரிந்தது. மல்லிகை பூத்தது. வயலில் தண்ணீர் விழுந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டது. விளக்கு வைத்த பிறகும் வலி போகவில்லை. அல்லா பிச்சையின் கார் கிளம்பியது. ஏழு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டேமுக்கால் கிலோ.

மறுநாள் தியாகேசன் தனியாக நல்லேர் ஓட்டினார். அந்த வீடு இன்றும் எழுபத்திரண்டு நாள் பின்னால்தான் ஓடுகிறது. மார்கழியில் தீபாவளி, பங்குனியில் பொங்கல். கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். ஆனி பதினொன்றாம் தேதி அங்கே வருஷப் பிறப்பு. பேத்தி குந்தவையைத் தூக்கிப் பிடித்து அவர் தாளைக் கிழிக்க வைக்கிறார். அவருடைய பிறந்தநாள் சித்திரை ஒன்பதாம் தேதியாம். இந்த வருஷம் தெருவுக்கே கேசரி கொடுத்தார்.