கரோல் வராத வீடு

பரமண்டல ஜெபத்தில் அந்த ஒரு வரி வந்துவிட்டால் போதும், வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் புஷ்பவல்லி கப்சிப் ஆகிவிடுவார். பிறர் நமக்குச் செய்ததை நாம் மன்னிப்பதுபோல் நம்மையும் மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் வரி அது. அதற்கு முந்தைய வரிவரை கணீரென்று வரும் குரல் அங்கே அறுந்துபோகும். அடுத்த வரியில் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவர்கள் பாவம், தொண்டைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். தொண்டையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆண்டவர் முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்லக் கூடாது என்ற பயம்தான். செல்வத்தை அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்காமலே மன்னித்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

வீடு மலேசியாவில், கிள்ளானில். வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், அவருக்குக் கல்யாணம் நடந்த தமிழ்ச் சபை இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டி ஸ்டேஷனுக்குப் போய், கொமுட்டர் ரயிலேறி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் வேறொரு சபைக்கு ஞாயிறு தவறாமல் போய்வந்தார். கேட்டவர்களிடம், “அங்க பிரசங்கம் நல்லா இருக்குலா” என்பார். அந்த நல்ல பிரசங்கத்தில் பாதி நேரம் தூங்கித்தான் வழிந்தார் என்பது வேறு விஷயம். கிள்ளான் சபையில் செல்வத்தின் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும். அதற்கு ரயிலில் தூங்கி எழுந்து போவதே மேல்.

செல்வம் என்கிற திருச்செல்வம்தான் அந்தச் சபையின் கரோல் குழுவுக்குத் தலைவர். புஷ்பவல்லியின் கணவர் தேவநேசனுக்கு உயிர்த் தோழன். பாடகர் குழுவில் கட்டைக்குரலுக்கு அந்த இரண்டு பேரும்தான். ஒருவர் இருமினால் இன்னொருவருக்குச் சளி பிடிக்கும், அப்படி ஒரு ஒட்டு.

டிசம்பர் வந்தால் கரோல் குழு வேனில் ஏறி, கித்தாரும் மத்தளமுமாக வீடு வீடாகப் போகும். வாசலில் பாட்டு, பிறகு ஜெபம், பிறகு அந்த வீட்டுச் சாப்பாடு. கரோல் வராத வீட்டுக்குக் கிறிஸ்துமஸே வரவில்லை என்றுதான் அந்தச் சபையில் பேச்சு. தேவநேசனுக்கு ஈரல் நோய் முற்றி, டாக்டர் கையை விரித்துவிட்ட வருஷம், அந்த மனிதர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். தன் வாசலில் கரோல் கேட்க வேண்டும்.

கரோல் வருவதாகச் சொல்லியிருந்த அன்றைக்குச் சவரம் செய்துகொண்டார். தொளதொளத்துப்போன பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். தன் பங்குக் கட்டைக்குரலை முணுமுணுப்பாகப் பாடிப் பார்த்துக்கொண்டார். மழை ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. வேன் வரவில்லை.

“உள்ள வாங்க, குளிருது,” என்று புஷ்பவல்லி கெஞ்சினார்.

“இரு புஷ்பா. செல்வம் வராம இருக்க மாட்டான்.”

செல்வம் வரவில்லை. புது வருஷம் பிறப்பதற்குள் தேவநேசன் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்து நின்ற செல்வம், தலையைத் தூக்காமல், “அன்னைக்கு மழைக்கா,” என்றார். மழையாம் மழை! கூட்டிப்போன பிள்ளைகளில் ஒருத்தி ஏற்கெனவே உளறியிருந்தாள். மழை விட்ட பிறகு வேன், டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அங்கே பிரியாணி. வராததைக்கூடப் பொறுத்திருப்பார் புஷ்பவல்லி. செத்தவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்ன அந்தப் பொய்தான் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. செல்வத்தின் மனைவி உஷாராணி கொடுத்தனுப்பிய கேக் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போனது.

வருஷங்கள் ஓடின. இந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயிலில் பெண்களுக்கென்று ஒதுக்கிய பெட்டியில் புஷ்பவல்லி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கதவு மூடுவதற்குள் மூச்சு வாங்க ஒருவர் உள்ளே ஏறினார். பார்த்தால் செல்வம். தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது.

“அங்கிள், இது லேடிஸ் கோச்,” என்று ஒரு மலாய்ப் பெண் சொன்னாள். இன்னொருத்தி கதவில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினாள். செல்வம் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார், ஆனால் நகரவில்லை.

“அக்கா, வேற எங்கயும் உங்கள நிப்பாட்டிப் பேச முடியல. வீட்டுக்கு வந்தா கேட்டத் தொறக்க மாட்டீங்க.”

“இங்க மட்டும் பேசிருவேனா? எறங்கிப் போ.”

“மழை இல்லக்கா. மழை விட்டுருச்சு. பசங்களுக்குப் பசி, டத்தோ வீட்டுல சூடா பிரியாணின்னாங்க. எனக்கும் ஆசதான். நேசன் அண்ணன் எங்க போயிரப் போறாரு, நாளைக்குப் பாடிக்கலாம்னு நாந்தான் வேனத் திருப்பச் சொன்னேன். ரெண்டு வாய் சாப்பிட்டேன். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் நான் பிரியாணியே தொட்டதில்ல. மறுநாள் உங்க வாசலுக்கு வர வெக்கமாப் போச்சு. நான் செஞ்சது தப்பு. மழை மேல பழியப் போட்டது அதவிடப் பெரிய தப்பு.”

தமிழ் தெரியாத பெண்கள்கூட அந்த நரைத்த தலையைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

“இப்ப எதுக்குச் சொல்றே?”

“ஒவ்வொரு வருஷமும் உங்க லோரோங்குல, உங்க வீட்டு வாசல்ல வேனு போகக் கூடாதுன்னு சுத்து வழியாப் போகச் சொல்றேன்கா. இந்த வருஷம் அப்படிச் சொல்ல முடியல. உங்க வீட்டுக்கு வந்து பாடிக்கவா?”

புஷ்பவல்லிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! “யாருக்குடா பாடுவே? கேக்க வேண்டிய மனுஷன் மண்ணுக்குள்ள இருக்காரு!” என்று கத்திவிட்டார். செல்வம் அடுத்த ஸ்டேஷனில் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். இறங்கி, வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொண்டார்.

அன்று ஆராதனையில் புஷ்பவல்லிக்குத் தூக்கம் வரவில்லை. ஜெபம் தொடங்கியது. அந்த வரி வந்தது. வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டார். மூடிய பிறகு, என்றைக்கும் இல்லாத ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. நான் மன்னிப்பதுபோல் மன்னியும் என்றால், மன்னிக்காத எனக்கு என்ன கிடைக்கும்? பரலோக வாசலிலேயே ஆண்டவர் நிறுத்திவிடுவாரே! உள்ளே அந்த மனிதர் பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு, புஷ்பா வராமல் இருக்க மாட்டாள் என்று வழியைப் பார்த்து உட்கார்ந்திருப்பாரே. ஒரு தடவை செல்வம் காக்க வைத்தான். இரண்டாவது தடவை நானா?

புஷ்பவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சபை ஆமென் சொல்லி முடித்துவிட்டது.

வெளியே வந்தால், தெருவோர வடைக் கடைக்குப் பக்கத்தில் செல்வம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். போக்கிடம் தெரியாத ஆள் மாதிரி நின்ற அவரைப் பார்த்ததும் புஷ்பவல்லிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

“சனிக்கிழம சாயந்திரம் வா. கடைசி வீடா வராத, மொத வீடா வா. உஷாராணியையும் கூட்டிக்கிட்டு வா. வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்தே, நானே உன் வீட்டுக்கு வந்து ஒதைப்பேன்.”

“வரேன்கா,” என்றார் செல்வம். திரும்பும்போது பெண்கள் பெட்டி பக்கத்திலேயே வந்து நின்றது. புஷ்பவல்லி அதில் ஏறாமல் செல்வத்தோடு நடந்துபோய்ப் பொதுப் பெட்டியில் ஏறினார். கிள்ளான் வரை, அந்தக் கடையில் வாங்கிய வடையைப் பங்கு போட்டுத் தின்றார்கள்.

சனிக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே வேன் வந்துவிட்டது. வாசலில் அதே பிரம்பு நாற்காலி, துடைத்துப் போட்டிருந்தது. செல்வம் அதைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உஷாராணிதான் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் பாடினார்கள். கட்டைக்குரல் வர வேண்டிய இடத்தில் செல்வத்துக்குக் குரல் எழும்பவில்லை. அந்த இடைவெளியைப் புஷ்பவல்லி தானே பாடி நிரப்பினார். தேவநேசன் குளிக்கும்போதெல்லாம் பாடிய பகுதி, தெரியாதா என்ன?

பிறகு எல்லாரும் கைகூப்பி ஜெபம் சொன்னார்கள். அந்த வரி வந்தது. புஷ்பவல்லி சொன்னார். பழக்கம் விட்டுப்போனதால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் அதிகச் சத்தமாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, மழை பிடித்துக்கொண்டது, கிள்ளான் மழை, சடசடவென்று. செல்வம் வெலவெலத்துப்போய்ப் புஷ்பவல்லியின் முகத்தைப் பார்த்தார்.

“பெய்யட்டும்லா, அதுக்கு என்ன?” என்றார் புஷ்பவல்லி. செல்வத்தின் தோளைப் பிடித்து அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் தட்டை வைத்தார். மட்டன் பிரியாணி, ஆவி பறந்தது.

“அக்கா, நான் இத…”

“தெரியும். இன்னைக்குத் தின்னு.” ஒரு பெரிய கறித்துண்டாகத் தேடி எடுத்துத் தட்டில் போட்டார். “அவரு அன்னைக்கே சொன்னாருடா, செல்வம் வராம இருக்க மாட்டான்னு. நாந்தான் நம்பல.”