கிழக்குச் சுவரில் ஒரு பிளவு

வீடு கட்டும்போது எந்த ஊரும் சும்மா இருக்காது. தேங்காய்ப்பட்டணம் கேட்கவே வேண்டாம். ஹஸீபாவின் வீடு எழும்பத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பாதையில் போன ஒரு ஆள்கூட வாயை மூடிக்கொண்டு போனதில்லை. "எப்பம் பூசப் போறிய?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். பூசப்போவதே இல்லை, கான்கிரீட் அப்படியேதான் நிற்கும், அவளுடைய மாப்பிள்ளைக்கு அதுதான் ஆசை என்று அவளும் எத்தனை பேரிடம்தான் சொல்வாள்? மீன் விற்க வரும் நேசபாய் கூடையை இறக்கி வைத்து, சுவரை மேலும் கீழும் பார்த்து, "கெல்புக்காரன் வீடு இப்படியா மக்ளே இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஹஸீபாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மாப்பிள்ளை ரிஜ்வான் ஜித்தாவில் கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறவன். கல்யாணம் முடிந்த கையோடு விமானம் ஏறியவன், லீவு கிடைக்கும்போது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். யார் யார் வீட்டுக்கோ கலவையைக் கொண்டுபோய்க் கொட்டிக் கொட்டி, தனக்கென்று ஒரு வீடு கட்டினால் அது பூச்சும் பெயிண்டும் இல்லாமல் வெறும் கான்கிரீட்டாகவே நிற்க வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டான். மற்ற எல்லாவற்றையும் ஹஸீபாவின் கையில் விட்டுவிட்டான். நல்ல மனுஷன்தான், அதில் குறை சொல்ல முடியாது.

அருமனையிலிருந்து பிரிஜா என்கிற எஞ்சினியர் பெண் வந்தாள். முதல் வேலையாக வெறும் மண்ணில் சுண்ணாம்புத் தூளைத் தூவி, வீட்டை நிஜ அளவிலேயே வரைந்து போட்டாள். "நடந்து பாருங்கக்கா. இது வாசல். இது அடுக்களை. இங்க நின்னா அடுப்பு, நிமிந்தா ஆறு கடல்ல சேருற பொழிமுகம் தெரியும்." ஹஸீபா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே நடந்தாள். சுவர் இல்லாத அறைக்குள் நுழைந்து, கதவு இல்லாத வாசல் வழியாக வெளியே வந்தாள். ஒரு கோட்டைத் தெரியாமல் மிதித்தபோது மனது பதறிப்போய் காலை இழுத்துக்கொண்டாள். சிரிக்காதீர்கள், வாடகை வீட்டிலேயே காலம் கழித்தவளுக்குத்தான் அந்தப் பதற்றம் தெரியும்.

ரிஜ்வான் கேட்டது ஒன்றே ஒன்று. மாடியில் தொழுகைக்கென்று ஒரு அறை. அதன் கிழக்குச் சுவரின் நடுவில், தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு சாண் அகலத்துக்குப் பிளவு விட வேண்டும். "கெழக்குச் செவரு, மறந்துராத ஹஸீ. வேற எதையும் எப்படி வேணும்னாலும் மாத்திக்க. இது ஒண்ணு எனக்கு." ஏன் என்று அவள் கேட்கவில்லை. காலை வெளிச்சத்துக்குத்தானே, வேறு எதற்கு என்று நினைத்துக்கொண்டாள். பிரிஜாவும் அப்படியே வரைந்தாள்.

சுவர் வார்த்த அன்று நடந்ததை ஹஸீபா இன்றைக்கும் வாய் ஓயாமல் சொல்வாள். அயனிப் பலகைகளை வரிசையாக நிறுத்தி அடித்த பெட்டிக்குள், தடித்த குழாய் ஒன்று உறுமிக்கொண்டு கலவையைக் கக்கியது. மேஸ்திரி கிளீட்டஸ் சாரத்தின் மேல் நின்று, "நிறுத்தாதிய, நிறுத்தாதிய, நிறுத்தினா கோடு விழும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் குழாய் ஓய்ந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஆட்டிறைச்சியும் சோறும் போட்டாள். சாப்பாடு முடிந்த பிறகு தனியாகப் போய் பலகையில் கையை வைத்தாள். உள்ளே சூடாக இருந்தது. கல் ஆகிறதற்கு முன்னால் கலவை தானாகவே சூடேறும் என்று பிரிஜா சொல்லியிருந்தாள்தான். ஆனாலும் கையில் படும்போது அது வேறு சங்கதி. உயிர் இருக்கிற எதையோ தொட்டதுபோல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

பலகைகளைப் பிரித்த அன்று அதைவிட ஆச்சரியம். அயனி மரத்தின் ஒவ்வொரு ரேகையும், ஒவ்வொரு கண்ணும், கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருந்தது. நடுவில் அந்தப் பிளவு, நூல் பிடித்தாற்போல நேராக மேலே ஏறியது. ஹஸீபா உடனே வீடியோவில் கூப்பிட்டாள்.

"அல்லாஹ்!" என்றான் ரிஜ்வான். "ஃபோனக் கொஞ்சம் தள்ளிப் பிடி. ஆ, அங்கதான். அங்கதான் நான் பாய் விரிப்பேன். இங்க எனக்க ரூமில ரெண்டு கட்டடத்துக்கு நடுவில ஒரு சாண் வானம் உண்டு, கேட்டியா? விடியக்காலத்த சுபுஹு தொழுதுட்டு அப்படியே இருப்பேன். அதுவழியா வெளிச்சம் வந்து நேரா மூஞ்சில விழும். அந்த நேரம் மட்டுந்தான் எனக்கு இங்க வீடு மாதிரி. அதத்தான் அங்கயும் கேட்டேன். தொழுதுட்டு இருக்கும்ப முன்னால இருந்து…"

"முன்னாலயா?" என்றாள் ஹஸீபா.

"பின்ன எங்க?"

"பின்னாலல்லா வரும்?"

"என்ன பேச்சுப் பேசுத? நான் கெழக்கப் பாத்துத்தானே…" என்றவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

ஜித்தா மக்காவுக்கு மேற்கே, கடலோரம் இருக்கிற ஊர். அங்கிருப்பவர்கள் கிழக்கே பார்த்துத் தொழுவார்கள். நமக்கோ மக்கா மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. இது ரிஜ்வானுக்குத் தெரியாதா? லீவில் வரும்போதெல்லாம் ஊர்ப் பள்ளிவாசலில் மேற்கே பார்த்து நின்றவன்தானே? தெரியும். ஆனால் அந்த அறையை அவன் கனவு கண்டது ஜித்தாவில் உட்கார்ந்துகொண்டு. கனவில் திசை மாறவே இல்லை. இந்தக் கூத்தை வேறு எந்த ஊர்க்காரன் செய்வான், சொல்லுங்கள்.

ஹஸீபா சிரிக்கப் பார்த்தாள். திரையில் அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"போட்டு, பரவாயில்ல" என்றான். அந்தப் பரவாயில்லை அவளுக்குத் தெரியும். லீவு தள்ளிப்போகும்போதும், பெருநாளைக்கு வர முடியாதபோதும் அவன் சொல்கிற அதே பரவாயில்லைதான்.

பிரிஜாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். மேற்குச் சுவரில் புதிதாக ஒன்று வெட்ட முடியாதா? "அந்தச் செவருதான் அக்கா வெளிய நீட்டி நிக்கிற கூரையத் தாங்குது. அதுல கை வைக்கப்பிடாது. வெட்டினாலும் மேக்க இருந்து காலத்த வெளிச்சம் வருமா?" என்றாள். வராதுதான். கிழக்குப் பிளவை வேண்டுமானால் அடைக்கலாம், ஆனால் அடைத்த இடம் என்றைக்கும் தழும்பாகத் தெரியும் என்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலும் இறங்கித்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஹஸீபாவுக்கு அந்த வீட்டில் எதுவும் ருசிக்கவில்லை. அடுக்களையிலிருந்து பொழிமுகம் தெரிந்தது, காற்று எல்லா வாசல் வழியாகவும் வந்தது, எல்லாம் அவள் கேட்டபடியே அமைந்தது. அவன் கேட்ட ஒன்றே ஒன்று கோணிப்போனது. சொந்த வீட்டிலும் அந்த மனுஷன் விருந்தாளியாகத்தான் வந்து போவானோ என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். மாடிக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

மார்கழியில் ரிஜ்வான் வந்தான். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை, சுவர்களைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தான். "எனக்க ரப்பே, என்ன வேலை, என்ன வேலை!" என்று அவன் வியந்தபோது ஹஸீபாவுக்குக் கண் நிறைந்தது. கிணற்றடியில் கால் கழுவும்போது துவைகல் ஆடுவதைக்கூடக் கவனித்துச் சொன்னான். பிறகு மாடிக்குப் போனான். அங்கே வியப்பு எதுவும் கேட்கவில்லை. இறங்கி வந்து, "நாளைக்குக் காலத்த கிளீட்டஸ் அண்ணன வரச் சொல்லு. அடச்சிருவோம்" என்றான்.

"இருந்தா இருந்துட்டுப் போட்டே. என்ன செய்யுது அது?"

"பாக்கும்பெல்லாம் எனக்க மடத்தனம்லா எனக்கு ஞாபகம் வரும்? வேண்டாம் ஹஸீ."

மறுநாள் விடிந்ததும் கிளீட்டஸ் வந்துவிட்டார். கீழே மணலும் சிமெண்டும் புரட்டுகிற சத்தம் கேட்டது. ஹஸீபா பால் விடாத கட்டன்சாயாவை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். ரிஜ்வான் சுபுஹு முடித்துவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருந்தான். வீம்புக்கென்றே பிளவின் அடியிலிருந்து பாயை விரித்து, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். பாய் சுவருக்கு நேராக இல்லை. நம் பக்கத்து வீடுகளில் எப்போதும் அப்படித்தான், மக்கா இருக்கிற திசையான கிப்லாவுக்காக வலது பக்கம் கொஞ்சம் சாய்த்துத்தான் போட வேண்டும்.

"கலவை ரெடியாயிட்டு" என்றாள்.

"இஷ்ராக் தொழுதுட்டு வாறேன்னு சொல்லு" என்று எழுந்து நின்றான். சூரியன் எழும்பியபின் தொழுகிற அந்தத் தொழுகைக்கு நேரம் ஆகியிருந்தது.

அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

ஆனியிலும் ஆடியிலும் பிளவு வழியாக வந்த வெயில் இடது பக்கம் மூலையில் எங்கோ போய் விழும். அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. மார்கழிச் சூரியன் தெற்கே நகர்ந்து போய், தென்னந்தோப்பின் அந்தக் கோடியிலிருந்து எழும்பியது. ஒரு சாணுக்கும் குறைவான ஒரு வரி, தரையில் சாய்வாக ஓடியது. பாய் எந்தச் சாய்வில் கிடந்ததோ, மயிரிழை பிசகாமல் அதே சாய்வில். பாயின் நடுவே ஓடி, சஜ்தாவுக்கு நெற்றி வைக்கிற இடத்தைக் கடந்து, மேற்குச் சுவரில் ஏறி நின்றது. அயனி மரத்தின் ரேகையெல்லாம் அதில் பொன்னாகத் தெரிந்தது.

ஹஸீபாவின் கையில் சாயா சரிந்து விரலைச் சுட்டது. அவள் அசையவில்லை. ரிஜ்வான் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கியிருந்தான். அவனுடைய நிழல் சுவர் வெளிச்சத்தின் நடுவே கறுப்பாக நின்றது. அவன் சஜ்தாவில் குனிந்ததும் நிழல் மறைந்து, வெளிச்சம் அவனைத் தாண்டிப்போய்ச் சுவரில் முழுசாக எரிந்தது. எழுந்தான், நிழல் வந்தது. குனிந்தான், வெளிச்சம் வந்தது. யா அல்லாஹ், இதை யார் வரைந்தது? பிரிஜா வரையவில்லை, ரிஜ்வான் கேட்கவில்லை, கிளீட்டஸ் அடித்த பலகைக்கும் இது தெரியாது. ஹஸீபாவுக்குப் பயம்கூட வந்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு அவன் அப்படியே இருந்தான். தரையில் கிடந்த வெளிச்சத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்."

பிறகு ஹஸீபா அந்த வெளிச்ச வரியை விரலால் காட்டினாள்.

"இது இப்படியே நேரா போனா எங்க போவும்?"

"மக்காவுக்கு. வேற எங்க?"

"அதையும் தாண்டினா?"

அவன் யோசித்தான். "தாண்டினா… ஜித்தா."

"அங்க நீங்க கெழக்கப் பாத்து நிப்பிய. இங்க நான் மேக்கப் பாத்து நிப்பேன்." சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே அது விளங்கியது. "இத்தன வருஷமும் நாம எதிரெதிரத்தான் நின்னு தொழுதிருக்கோம். நீங்க என்னப் பாத்து, நான் உங்களப் பாத்து. எனக்க முதுகில விழுந்த வெயிலு பொறவு வந்துதான் உங்களுக்க மூஞ்சில விழுந்திருக்கு."

ரிஜ்வான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. ஹஸீபா சாயாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த வெளிச்சத்திலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"தங்கச்சி!" என்று கீழேயிருந்து கிளீட்டஸின் குரல் வந்தது. "கலவை இறுகுது. கொண்டு வரவா, வேண்டாமா?"

ஹஸீபா எழுந்து போனாள். பிளவுக்குக் கண்ணாடி இன்னும் போட்டிருக்கவில்லை. அதில் முகத்தை வைத்துக் குனிந்து பார்த்துக் கத்தினாள்.

"கெணத்தடியில துவைகல்லு ஆடுது அண்ணே. அதுக்கடியில போட்டிருங்க!"